மூன்றாவது டிராக்

தண்ணீர் மீட்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர் அவர். குழாய்களிலிருந்து கழற்றி வரும் மீட்டர்களைப் பிரித்து, தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றி, சோதனை மேசையில் ஓடவிடுவார். நூறு லிட்டருக்கு ஒரு லிட்டர் கூடினாலும் மறுபடி பிரித்துவிடுவார். கூட வேலை செய்தவர்கள் வைத்த ‘மீட்டர்காரர்’ என்ற பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. “பல்சக்கரம் முனகினா பத்தடி தள்ளி இருந்தே கேட்டுடும். நான் பக்கத்துல நின்னு கூப்பிட்டா மட்டும் கேக்காது” என்பாள் அவர் மனைவி.

நிஜமாகவே காது போய்க்கொண்டிருந்தது அவருடைய தங்கைக்கு.

நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணம் முறிந்தபின் பத்து வருஷமாக அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். முதலில் இடது காது அடைத்துக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை. வலது காதும் மங்க ஆரம்பித்தபோது மூன்று பேருமாக டாக்டரிடம் போனார்கள்.

“மாத்திரை எழுதித் தர்றேன். கொறையற வேகத்தத் தள்ளிப்போடலாம். நிறுத்த முடியும்னு சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர். “மூணு மாசமோ, ஒரு வருஷமோ.”

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கை அழவில்லை. மறுநாள் காலை பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். உள்ளே, பழைய துணியில் சுற்றிய நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரும் அவள் பாடிப் பதிந்த ஒரு கேசட்டும். ரெக்கார்டர் இருபத்திரண்டு வயதில் செகண்ட்ஹாண்டில் வாங்கியது. ஒரு டிராக்கில் பாடிவிட்டு, அதைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த டிராக்கில் இன்னொரு குரலைச் சேர்க்கலாம். ஒரே ஆள் நான்கு பேராகப் பாடலாம். அந்தக் கேசட்டைச் சாதாரண டேப்பில் போட்டால் இரண்டு குரல்தான் வரும், அதுவும் இழுத்துக்கொண்டு. திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னாலிருந்து முன்னால் ஓடும்.

“இது ஓடணும்ணா. என் பாட்ட ஒரு தடவ கேட்டுடணும்.”

எலெக்ட்ரானிக் கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல் கையை விரித்துவிட்டார். மீட்டர்காரர் அதை வீட்டில் தன் வேலை மேசைக்கே கொண்டுபோனார். அவருக்கு உள்ளூர ஒரு நம்பிக்கை: சுழல்வது எதுவானாலும் தனக்கு அடங்கும்.

பிரித்துப் பார்த்தால், மோட்டாரிலிருந்து பெரிய சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் ரோலர் இறுகிக் கண்ணாடி போல் பளபளத்தது. ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மயிரிழை விரிசல். ஒரு வாரம் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் தாரைத் துடைத்தார். விரல் நுனி கறுப்பு, சாப்பிட உட்காரும்போதும் போகவில்லை.

மூன்றாவது வாரம், மீட்டரில் போடும் ரப்பர் வளையம் ஒன்றைப் பெல்ட்டாக மாட்டி ஓட்டிப் பார்த்தார். தங்கை வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். ஒரு பெண் குரல் வந்தது. அலையில் மிதக்கும் கட்டை மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

“நான்தான்” என்றாள் தங்கை. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் பல வருஷமாகப் பார்த்திருக்கவில்லை.

அவர் பார்த்தது வேறொன்றை. ரோலருக்கடியில் டேப் ஓரமாக ஏறத் தொடங்கியிருந்தது. பட்டென்று நிறுத்தினார்.

“ஏண்ணா நிறுத்துன?”

“ரோலர் சரியில்ல. டேப்ப மென்னுடும்.”

“மென்னா மெல்லட்டும். கேக்குதுல்ல? இப்படியே ஓட விடு, போதும்.”

“இது என்ன பாட்டா? தள்ளாடுது. பத்து நாள் பொறு, ஒழுங்கா கேக்கலாம்.”

அவள் காதை ஸ்பீக்கரிலிருந்து எடுத்தாள். “சரி, உன் இஷ்டம்” என்று மாடிக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் என்றது இரண்டரை மாதம் ஆனது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெல்ட் இரண்டு சுற்று பெரிதாக இருந்தது. அதைத் திருப்பி அனுப்பி வேறு வர இருபத்து மூன்று நாள். அச்சக உருளைகளுக்கு ரப்பர் போடும் ஒருவரைத் தேடிப் பிடித்து ரோலருக்குப் புது ரப்பர் போட்டார். சுழற்றி அளந்தால் ஒரு மயிரிழை கோணல். மறுபடி கடையச் சொன்னார். “இதுக்கு மேல கடவுள்தான் கடையணும்” என்று சலித்துக்கொண்டார் ரப்பர்காரர். எல்லாம் சேர்ந்து வந்த நாளில், பூட்டும்போது, அந்தப் பிளாஸ்டிக் சக்கரம் இரண்டாகப் பிளந்தது. பழைய மீட்டர் ஒன்றின் பித்தளைச் சக்கரத்தை எடுத்து, பல் பல்லாக அரத்தால் ராவ ஆரம்பித்தார்.

“அவ கேட்டப்பவே ஓட விட்டிருக்கலாம்ல?” என்றாள் மனைவி.

“டேப் அறுந்திருந்தா?”

“அறுந்தா அறுந்துட்டுப் போகுது. அவ கேட்டிருப்பா.”

அவர் சக்கரத்தைத் திருப்பி அடுத்த பல்லை ராவினார்.

ஒரு வியாழக்கிழமை காலை மாடிக் குளியலறையிலிருந்து தண்ணீர் படியில் இறங்கி வந்தது. மனைவி ஓடிப்போய்ப் பார்த்தாள். குழாய் முழுதாகத் திறந்திருக்க, வாளி நிரம்பி வழிய, தங்கை அறையில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாள். காலில் ஈரம் பட்டுத் திரும்பினாள். அண்ணியின் வாய் அசைவதைப் பார்த்தாள். தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை முற்பகல், மெஷின் தயாரானது. ஏற்ற இறக்கம் துளியும் இல்லை. அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. இருந்தாலும் போய்க் கூப்பிட்டார். இப்போது அவளிடம் பேச ஒரு நோட்டு இருந்தது. அவர்கள் எழுதுவார்கள்; அவள் வாயால் பதில் சொல்வாள், சற்று உரக்க.

“ஓடுதா?” என்று வந்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டாள். “மூணு கொரலும் சேர்ந்து வருதா? ரெண்டாவது கொஞ்சம் சுருதி எறங்கியிருக்கும். இருக்கா பாரு.”

அவருக்குச் சுருதியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒரே தங்கையாகக் கேட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்கலாமென்று மற்ற டிராக்குகளின் சத்தத்தை ஏற்றி இறக்கும் பொத்தான்களைக் கீழே தள்ளி, மூன்றாவதை மட்டும் ஏற்றினார். இருபத்திரண்டு வயதுக் குரல், துணையின்றி. வரிக்கு வரி நடுவே அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பிறகு ஒரு கதவு அறைந்தது. ஓர் ஆண் குரல்.

“இதோட எத்தன தடவ அதையே பாடுவ? நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவன் தூங்க வேணாமா? மூடு வாய.”

அவருடைய குரல்தான். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. அப்படிக் கத்தியது அவருக்கு நினைவே இல்லை. அந்த வயதில் எத்தனையோ முறை எத்தனையோ பேரிடம் கத்தியிருப்பார்.

நான்காவது பொத்தானை ஏற்றினார். அதில் இரைச்சல் மட்டும்தான், கடைசிவரை.

தங்கை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மூணாவது தனியா போட்டியா?” என்றாள். “அந்த எடத்துல மட்டும் அத எறக்கிடணும்ணா. நீ கத்துனது இருக்கும். அதுக்கப்புறம் நாலாவது நான் பாடவே இல்ல.”

அவர் நோட்டை இழுத்தார். ‘நல்லா இருக்கு’ என்று எழுதினார்.

அவள் படித்தாள். “உனக்கு எங்க தெரியும்” என்றாள். குரலில் கோபமில்லை, அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. கேசட்டை எடுத்துக்கொண்டு மாடியேறிப் போனாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஆஸ்பத்திரியில் அவளை ஃபைல்கள் அடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பேச யாரும் இல்லை. அவளுக்கும் அது வசதி என்கிறாள். அந்தக் கேசட் எங்கே இருக்கிறதென்று மீட்டர்காரர் கேட்கவில்லை.

மெஷின் அவர் மேசையில்தான் இருக்கிறது. ஓட்டாமல் வைத்தால் பெல்ட் ஒரே இடத்தில் வளைந்தபடி நின்று, அந்த வளைவு ரப்பரில் பதிந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் பதியாத கேசட் ஒன்றைப் போட்டு அரைமணி நேரம் சுற்ற விடுகிறார். ஒருநாள் மனைவி வந்து நின்று பார்த்தாள்.

“யாரு கேக்கறதுக்கு இத ஓட்டறீங்க?”

“நின்னா கெட்டுடும்” என்றார் அவர்.