தாய்மாமன் மடிக்கு ஒரு விசா

தங்கச்சி மகளுக்குக் காது குத்த வேண்டும். அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். மடி இருப்பது பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பசுந்தாங் பேட்டையில், நாலாவது மாடியில். காது இருப்பது பசிபிக் கடலின் நடுவே, பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் நியூ கலிடோனியாத் தீவில். மாப்பிள்ளைக்கு அங்கே நிக்கல் சுரங்கத்தில் வேலை.

"நீ வந்தாத்தான் குத்துறது. இல்லன்னா பிள்ளை மூளிக் காதோடவே வளரட்டும்" என்று ஃபோனில் சொல்லிவிட்டாள் தங்கச்சி.

பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் பட்டியல் போடுவேன். ஒரு நோட்டு வாங்கி எழுதினேன். நீங்கள் போவதானாலும் உதவும். பாங்காக்கில் விமானம் மாற வேண்டும். பணம், பசிபிக் பிராங்க். நம் கடிகாரத்தை நாலரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். பிளக்குக்கு உருண்டையாய் இரண்டு கால். பழம், கறிவேப்பிலை எதையும் உள்ளே விடமாட்டார்கள். கடலில் வரிப்பாம்பு உண்டு. விஷம் கடுமை, சுபாவம் சாது.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு தடவை கோடு போட்டேன்.

"காது குத்தப் போறீங்களா, கடல்ல குதிக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"அது கரைக்கும் வருமாம்."

"வரட்டும். நீங்க போடுற சத்தத்துல அதுவே திரும்பிப் போயிரும்."

விசா மையத்தில் ஒரு பர்மியப் பெண் என் தாள்களைப் புரட்டினாள். "மாமா, அழைப்புக் கடிதத்துல இருக்கிறவர் யாரு?"

"நான்தான்."

"பாஸ்போர்ட்ல இருக்கிறவர்?"

"அதுவும் நான்தாம்மா."

இங்கே நம் ஆட்கள் பலருக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் பர்மியப் பெயர். வீட்டுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப் பெயர். தங்கச்சி பழக்கத்தில் வீட்டுப் பெயரை எழுதிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அனுப்புவதற்கு முன் அவள் காட்டிய கடிதத்தை மூன்று தடவை படித்து, 'எல்லாம் சரி' என்று பதில் போட்டவன் நான். பாம்பின் வரியை எண்ணிய கண்ணுக்குச் சொந்தப் பெயர் தெரியவில்லை.

இருவரும் ஒருவரே என்று இரண்டு சாட்சிகளோடு உறுதிப் பத்திரம் கொண்டு வரச் சொன்னாள். அதில் ஒரு சிக்கல், என் இரண்டு பெயரும் தெரிந்தவர்கள் வீட்டு ஆட்கள் மட்டுமே. அவர்கள் சாட்சிக்கு ஆகமாட்டார்கள். ஆகவே பபேடான் பேட்டையில் இருந்த வக்கீலிடம் இரண்டு பேரை இழுத்துப் போனேன். மாடிக்குக் கீழே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் பர்மியருக்கு என் பர்மியப் பெயர் மட்டும் தெரியும். கோயில் காரியதரிசிக்குத் தமிழ்ப் பெயர் மட்டும் தெரியும்.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "ஆளுக்கொரு பேர் சொல்றீங்க. ஒரே ஆளுன்னு நான் எப்படி நம்புறது?"

வெற்றிலைக் கடைக்காரர் யோசித்தார். "எங்க கட்டடத்துல கரண்ட் போனா முதல்ல கத்துறது இவர்தான்."

காரியதரிசி துள்ளி எழுந்தார். "தீமிதியில குழி ஓரத்துல வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னு, முதல்ல கத்தினதும் இவன்தான்யா!"

"அப்ப சந்தேகமே இல்ல, ஒரே ஆளுதான்" என்று வக்கீல் முத்திரையைக் குத்தினார்.

விசா வந்தது. நோட்டில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன்: கடிதத்திலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே பெயரா என்று பார்.

தீவில் பாம்பு எதுவும் என்னைப் பார்க்க வரவில்லை. தங்கச்சிக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்திதான் ஊசியோடு வந்தாள். மருமகள் என் மடியில் பட்டுப் பாவாடையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி கிட்டே வந்தது. வீடே அதிர ஓர் அலறல்.

பிள்ளை அண்ணாந்து என் வாயைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தது. அது சிரித்து ஓய்வதற்குள் இரண்டு காதிலும் தோடு ஏறிவிட்டது.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, இப்பக் கத்துனது எந்தப் பேரு?"