அண்ணன் குணமான மாசம்

எங்க அண்ணனைப் பத்தி தெருவுல யாரைக் கேட்டாலும் சந்தேகப் பேர்வழின்னுதான் சொல்லுவாங்க. கூடப்பிறந்தவ நான் கொண்டுபோற டீயைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருமினாலும் தன்னைத்தான் குத்திக் காட்டுறாருன்னு சண்டைக்குப் போவும். தன் தறியில அண்ணியைத் தவிர வேற யாரும் கை வைக்கக் கூடாது. நானும் இதே ஆரணியில ரெண்டு தெரு தள்ளி பட்டு நெய்யிறவதான், என்னையும் கிட்ட விடாது. "போ, உன் தறியை நீயே கட்டிகினு அழு"ன்னு எத்தனை தடவை கத்தியிருக்கேன் தெரியுமா.

போன வருஷம் அண்ணி காய்ச்சல்ல போயிடுச்சு. நாலே நாள்.

அதுக்கப்புறம் அண்ணன் சரியா சாப்பிடல, தூங்கல. சுவரைப் பார்த்துகினு உக்காந்திருக்கும், கதவைத் தட்டினா திறக்காது. டாக்டர்கிட்ட கூட்டிகினு போலாமான்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். அது குணமே அப்படித்தாங்க, சின்ன வயசுலேருந்து பார்க்கிறேன்னு சொன்னேன். அப்படிச் சொன்ன என் வாயில மண்ணை அள்ளிப் போடணும்.

ஆறு மாசம் போச்சு. திடீர்னு ஒருநாள் கதவு திறந்து கிடந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிச்சுது. டீயை மோந்து பார்க்காம மடமடன்னு குடிச்சுது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இத்தனை வருஷம் திட்டினதை மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்லுச்சாம். அந்த வீட்டம்மா என் வீட்டுக்கே வந்து, உங்க அண்ணன் குணமாயிட்டாருன்னு கையைப் புடிச்சிகினு சொன்னாங்க. குணமும் மாறிடுச்சு, குணமும் ஆயிடுச்சுன்னு நான் பூரிச்சுப் போயிட்டேன். கோயில்ல தேங்காய் உடைச்சேன், முட்டாள்.

அந்த வாரம் அண்ணன் பாதியில கிடந்த புடவையை முடிச்சு அறுத்துடுச்சுன்னு தெரிஞ்சு, அடுத்த புடவைக்குத் தறியில நீளவாக்குல கட்டுற இழை, அதான் பாவு, எப்ப வருதுன்னு கேக்கப் போனேன். அண்ணன் அடுப்படியில இருந்துச்சு. தறியைப் பார்த்தேன்.

புடவையை அறுத்தாலும், இழையெல்லாம் கோத்திருக்கிற சீப்பு மாதிரி அச்சுல பழைய இழை முனைங்களை விட்டுத்தான் வைப்போம். அதுலதான் அடுத்த பாவை இழை இழையா பிணைக்கணும். உருவிட்டா ஆயிரக்கணக்கான இழையைத் திரும்ப ஒவ்வொண்ணா கோக்கணும், உயிர் போயிடும். அண்ணன் ஒரு இழை விடாம உருவி, அச்சைக் கழட்டித் தொடைச்சு, துணியில சுத்தி வச்சிருந்துச்சு. இனிமே நெய்யப் போறதில்லன்னு முடிவு பண்ணவங்கதான் அப்படிச் செய்வாங்க. டிசைன் மாத்தத்தான் உருவியிருக்குதுன்னு என்னை நானே ஏமாத்திக்கப் பார்த்தேன். முடியல. அண்ணியையும் தறியையும் விட்டா அதுக்கு இந்த உலகத்துல வேற எதுவும் கிடையாது.

கேக்கவும் பயம், கேக்காம இருக்கவும் பயம். அடுப்படிக்குப் போய் அதோட கையைப் புடிச்சேன்.

"அண்ணா, செத்துடணும்னு இருக்கியா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டுச்சு. கோவமே இல்ல அந்தக் குரல்ல. அதுதான் என்னைக் கொன்னுது.

புடிச்ச கையை நான் விடல. ஒத்தக் கையால போன் போட்டு வீட்டுக்காரரை வரவழைச்சு, அப்படியே கார்ல ஏத்தி வேலூருக்குக் கூட்டிகினு போனோம். டாக்டரம்மா எல்லாத்தையும் விசாரிச்சாங்க. சந்தேகம் இவருக்கு ரொம்ப நாளா இருக்கிற ஆளுமைக் கோளாறு, சாப்பாடும் தூக்கமும் போனது மனைவி போன அப்புறம் வந்த மனச்சோர்வு, ரெண்டையும் ஒண்ணா மூட்டை கட்டிட்டீங்கன்னாங்க. ஊர்ல ஒருத்தரை மட்டும் நம்பினவருக்கு அந்த ஒருத்தரும் போனா புடிச்சுக்க எதுவும் இருக்காதும்மான்னு சொன்னாங்க. செத்துப்போறதுன்னு முடிவெடுத்த நிம்மதிக்குத்தான் நான் தேங்காய் உடைச்சிருக்கேன்.

மாத்திரை, மாசாமாசம் வேலூர்னு இப்ப ஓடிகினு இருக்குது. அண்ணன் தூங்குது, சாப்பிடுது. டாக்டரம்மாவுக்கே திருப்திதான்.

நேத்து நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "பார்த்துப் போ பாப்பா"ன்னு சிரிச்சுகினே சொல்லுச்சு. பாசமாத்தான் சொல்லியிருக்கும். ஆனா கதவு திறந்து கிடந்த அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சுது. தெருமுனை வரைக்கும்தான் போக முடிஞ்சுது. திரும்பி வந்து, தலை வலிக்குதுன்னு பொய் சொல்லி அங்கயே உக்காந்துட்டேன்.