நான் விரித்த தாள்

என் அண்ணன் திருடவில்லை. இதை அவன் உயிரோடு இருந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் அவனுக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நானும் அங்கேயே வேலைக்குப் போனேன். கூடப் படித்த பெண்பிள்ளைகள் தையல் கற்கப் போனார்கள். எனக்கு இரும்பில் துளை போடுவது பிடித்திருந்தது. டிரில்லிங் மெஷின் என் பொறுப்பு.

அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் சுரங்கங்கள் உண்டு. அதில் ஒன்றில் வெடி வைக்காமலே கல்லைச் சுரண்டி எடுக்கும் வெளிநாட்டு மெஷின் ஓடியது. எங்கள் வீட்டைவிடப் பெரியது. அதன் வயிற்றில் ஒரு உருளை, உருளை முழுக்க இரும்புப் பற்கள். பல் தேய்ந்தால் கடையில் வாங்கி மாற்றலாம். பல்லைப் பிடித்திருக்கும் ஹோல்டர் உடைந்தால், புதுசு கப்பலில்தான் வர வேண்டும். அதுவரை மெஷின் சும்மா நிற்கும்.

அந்தச் சுரங்கத்து மெக்கானிக் ஒருநாள் உடைந்த ஹோல்டர் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதே மாரி ஒன்னு பண்ண முடியுமா?"

"பண்ணலாம்ணே. நிக்குமான்னுதான் தெரியல."

முதல் மூன்றும் நிற்கவில்லை. பல் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்பது பிடிபடவே இல்லை. அண்ணன் அந்த உடைந்த துண்டைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவான். அளப்பான், அட்டையை வெட்டி வைத்துப் பார்ப்பான், கிழித்துப் போடுவான். நான்காவது நின்றது. அதற்கப்புறம் டீக்கடையில் அவன் பெயரே மாறிவிட்டது.

"என்னா பல்லு டாக்டரே, இன்னிக்கி எத்தன பேருக்குப் பல்லு கட்டுனீங்க?"

"வாயத் தொறங்க மாமா, ஒங்களுக்கும் பாத்துருவோம்."

பிறகு ஒருநாள் மெக்கானிக் ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அந்த ஹோல்டருக்கு மெஷின் கம்பெனி போட்ட டிராயிங். "ஆபீஸ்ல கெடந்துச்சு. ஒனக்கு ஒதவும்" என்றார். அண்ணன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம்ணே. அளந்து பண்ணுனதே நல்லா ஓடுதே. எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் பேச்சு மும்முரத்தில் மூலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். "பாப்பா, அவரு வந்தா மறக்காம இதக் குடுத்துரு" என்று அண்ணன் என்னிடம் சொன்னான். அவர் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் நான் மறந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறைகளில் அன்றைக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, கருவிகளையும் கடைசியாகச் செய்த உருப்படிகளையும் சாமி படத்துக்கு முன்னால் பரப்புவோம். கீழே செய்தித்தாள் விரிப்பது வழக்கம். அது எண்ணெய் ஊறி உடனே கருத்துவிடும். அந்த வருஷம் அழகாக இருக்கட்டும் என்று நான் அந்த டிராயிங்கை விரித்தேன். நல்ல கெட்டித் தாள், வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஓரத்தில் சிவப்பாக இங்கிலீஷில் ஏதோ அடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. அதன்மேல் ஆறு ஹோல்டரை வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தேன். அண்ணன் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தான். அவன் போனிலேயே போட்டோ எடுத்து, அவன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் நானே வைத்தேன்.

அது யார் யார் கைக்குப் போனதோ தெரியாது. கொஞ்ச நாளில் பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மெஷின் கம்பெனி சென்னையில் கேஸ் போட்டிருந்தது. பட்டறையைப் பார்த்து எழுதிப்போகக் கோர்ட்டு அனுப்பிய கமிஷனர் ஒரு வக்கீல் அம்மா. அந்தப் போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

"இது உங்க பட்டறையா?"

"ஆமாங்க மேடம்."

"இந்த டிராயிங்க யாரு விரிச்சது?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க" என்றான்.

நான் டிரில்லிங் மெஷின் பக்கத்தில்தான் நின்றேன். நாலே அடி தூரம்.

அவர்கள் போன பிறகு, "ஏண்ணே அப்புடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"கட்டிக்குடுக்க வேண்டிய புள்ள பேரு கோர்ட்டுல வரணுமா? வுடு. ரெண்டு வாய்தால முடிஞ்சிரும்."

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லாமல் இதை எழுதிப் பிரயோஜனம் இல்லை.

எங்கள் வக்கீல் விளக்கினார். கம்பெனி இரண்டு குற்றம் சொல்கிறது. ஒன்று, அந்த ஹோல்டரின் அமைப்புக்கு அவர்கள் பேடண்ட் வாங்கியிருக்கிறார்கள். அளந்து செய்திருந்தாலும் கேட்காமல் செய்தது தப்பு. இது தெரியாமல் நடந்தது, இனி செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுக்கலாம். இன்னொன்று, அவர்கள் ரகசியமாக வைத்திருந்த டிராயிங்கைத் திருடிச் செய்தது. ஓரத்தில் சிவப்பாக அடித்திருந்ததும் 'ரகசியம்' என்றுதானாம். இது அண்ணன் செய்யாதது. ஆனால் போட்டோவைப் பார்த்த பிறகு, அளந்து செய்தேன் என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அந்தத் தாளைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

"டாக்டரு காப்பியடிச்சிப் பாஸ் பண்ணவராம்ல" என்று டீக்கடையில் சிரித்தார்கள். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அப்புறம் அந்தக் கடைக்குப் போகவில்லை. பட்டறைக்கு வேலை வருவது நின்றது. அரியலூர்ப் பக்கம் கல் உடைக்கும் கிரஷர் ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து பைக்கில் வரும்போது சிமெண்ட் லாரி அடித்துவிட்டது. பட்டறை நன்றாக ஓடியிருந்தால் அவனுக்கு அந்த ரோட்டில் என்ன வேலை?

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் வக்கீல் கூப்பிட்டார். ஆளே போய்விட்டதால் கம்பெனி சமாதானத்துக்கு வருகிறது, வாரிசு என்ற முறையில் எங்கள் அம்மா கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்துவிடும் என்றார். அம்மா பேனாவைக் கையில் எடுத்தாள். தமிழில் எழுதியிருந்த அந்தப் பத்திரத்தை நான் வாங்கிப் படித்தேன். இனி அந்த ஹோல்டரைச் செய்ய மாட்டோம் என்று முதலில் இருந்தது. அதற்குக் கீழே, என் மகன் கம்பெனியின் டிராயிங்கை எடுத்து, அதைப் பார்த்துத்தான் செய்தான் என்று இருந்தது.

"கீழ உள்ளது பொய் சார். அந்தத் தாள விரிச்சது நான். அண்ணன் அதப் பிரிச்சிக்கூடப் பாக்கல."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

நான் பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"இப்ப சொன்னா கேஸு முடியாது. ஒன்னயும் சேத்துருவாங்க. கூண்டுல நிக்க வச்சிக் கேப்பாங்க. நம்புவாங்கன்னும் சொல்ல முடியாது."

"கேக்கட்டும் சார். நீங்க எழுதுங்க."

அம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னாள்.

"அடுத்தவன் பொருள ஏன்டா தொட்டன்னு நானும் அவன வஞ்சேன்டி. ஒரு நாளா ரெண்டு நாளா? தலயக் குனிஞ்சிக்கிட்டே சோறு தின்னான். நீ பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டுதான இருந்த?"

இருந்தேன். அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டு இருந்தேன்.

நான் சொன்னதை வக்கீல் தமிழில் எழுதி, பிரமாணப் பத்திரமாகக் கோர்ட்டில் போட்டிருக்கிறார். கம்பெனி தரப்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கு நான் சென்னைக்குப் போக வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டேன். வரவில்லை என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.