வியர்த்துப்போன வாசல் கேமரா

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. சாரல் தொடங்கிவிட்டால் அருவியில் தண்ணீர் விழுகிறதென்று ஊரே கொண்டாடும். வாசலில் மாட்டியிருக்கும் மின்சாமான்களுக்கு மட்டும் அன்றைக்கே சனி பிடித்துவிடும். ஆனி பிறந்தால் எங்கள் காலிங்பெல் ஆள் வராமலே அடிக்கும். ஆளைக் கண்டால் தானே எரிய வேண்டிய விளக்கு பட்டப்பகலில் எரிந்து, இருட்டில் ஆள் வந்தால் அணைந்துகொள்ளும். மழையென்றால் மேலிருந்து விழும், குடை பிடித்துக்கொள்ளலாம். சாரல் பக்கவாட்டில் வரும், சமயத்தில் கீழிருந்தும் ஏறும்.

இவ்வளவும் தெரிந்துதான் என் வீட்டுக்காரர் போன லீவில் வந்தபோது கேட் தூணில் ஒரு கேமராவை வீட்டைப் பார்த்து மாட்டிவிட்டுப் போனார். அவர் ராணுவத்தில் இருக்கிறார், வடக்கே பனிமலைப் பக்கம். அத்தை, அதாவது அவருடைய அம்மா, பின்வாசல் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் ஆபரேஷன் செய்திருந்த சமயம் அது. தினமும் வாக்கரைப் பிடித்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டிலோடு முடங்கிவிடுவார்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் கெஞ்சியும் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன். "வலிக்குதுட்டி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

"எம்மா, சாயங்காலம் நான் போன்ல பாப்பேன். நீ முத்தத்துல நடக்கணும்" என்று மகன் சொன்னதும் கதையே மாறியது. வெயில் தாழுமுன் அத்தை முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல சேலை உடுத்தித் தயாராகிவிடுவார்கள். முற்றத்தில் வராந்தாவிலிருந்து கேட் வரைக்கும், கேட்டிலிருந்து வராந்தா வரைக்கும் நடை. கேமரா பக்கம் வந்ததும் தலை நிமிரும், வலி முகத்திலிருந்து காணாமல் போகும். எனக்குப் பொறாமைதான். சோறு போடுகிறவள் சொல்லி நடக்காத கால், தூணிலிருக்கிற கண்ணாடிக்கு நடந்தது.

அப்புறம் சாரல் வந்தது. கேமராவைக் காப்பாற்ற மூன்று பேரும் கூடி யோசித்தோம். வினை அங்கேதான். எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு உறை உண்டு, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை உண்டு, சோபாவோடு வந்த பிளாஸ்டிக்கை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. "ஜவுளிக்கடை கவரைச் சுத்தி இறுக்கிக் கட்டுட்டி, அதுதான் கெட்டி" என்று அத்தை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு மட்டும் இடம் விட்டுக் கட்டினேன். போனில் வீட்டுக்காரர், "அடியில சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். அது வழியா சாரல் ஏறும், அடைச்சிரு" என்றார். மெழுகுவர்த்தியை உருக்கி அதையும் அடைத்தேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரு வாரம் தாங்கவில்லை. "ஏட்டி, ஒரே வெள்ளையாத் தெரியுது. இங்க உள்ள பனி அங்கனயும் வந்துட்டா?" என்று அவர் கேட்டார். கண்ணாடிக்குள் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. அத்தையின் காதில் விஷயம் விழுந்தது, வாக்கர் மூலைக்குப் போனது. "அவன் பாக்காம நான் யாருக்கு நடக்க?" என்றார்கள். பக்கத்தில் நிற்கிற நான் கணக்கிலேயே இல்லை. கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. நாளுக்கு நாள் அந்தக் கால் விறைத்துக்கொண்டே போனது. என்னோடு சண்டை போடவாவது எழுந்து வர மாட்டார்களா என்றிருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருநாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்தேன். காலையில் சூட்டோடு மூடியது. மூடியின் உள்பக்கம் பூராவும் வியர்த்து, பீன்ஸ் பொரியல் மேல் சொட்டியது. கையில் மூடியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கேமராவும் இரவும் பகலும் சூடாகத்தானே இருக்கிறது? உள்ளே போன ஈரம் வெளியேற வைத்திருந்த ஓட்டையை அல்லவா நாங்கள் மெழுகு வைத்து அடைத்திருக்கிறோம்! டப்பா பழைய டப்பா, இந்தப் புத்தி மட்டும் அன்றைக்குத்தான் வந்தது.

சனிக்கிழமை காலை சாரல் கொஞ்சம் விட்டது. பழைய பிளாஸ்டிக் குடத்தைப் பாதியாக அறுத்து, கேமராவுக்குத் தொப்பி மாதிரி தயார் செய்துகொண்டு ஸ்டூலில் ஏறினேன். தரை ஈரம், ஸ்டூல் ஆடியது. கவரை அறுத்தேன். ஊக்கால் மெழுகைக் குத்தி எடுத்ததும் உள்ளேயிருந்த தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. கேமராவைக் கீழே சாய்த்து, முன்மூடியைத் திருகிக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தேன், ஸ்டூல் மறுபடி ஒரு ஆட்டம் போட்டது.

"ஏட்டி, விழுந்து தொலைக்கப் போறே! இந்த வீட்டுல ஒருத்தி இடுப்பை உடைச்சது போதாதா?" என்று வராந்தாவிலிருந்து சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் திருகாணியில். திட்டு மட்டும் கிட்டே கிட்டே வந்தது. பிறகு ஸ்டூல் அசையாமல் நின்றது.

மூடியை மாட்டி, தொப்பியைக் கட்டினேன். கேமரா இன்னும் கீழே சாய்ந்துதான் இருந்தது. இடுப்பில் சொருகியிருந்த போன் அடித்தது, வீட்டுக்காரர்தான். காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன்.

"ஏட்டி, படம் வந்துட்டு! பளிச்சுனு தெரியுது" என்றார். "எம்மா ஸ்டூலைப் புடிச்சிட்டு நிக்கா. வாக்கர் அங்கன வராந்தாவுல நிக்கி. எப்படி வந்தா?"

குனிந்து பார்த்தேன். இரண்டு கைகளாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அத்தை நின்றார்கள். அழுக்குச் சேலை, நெற்றியில் திருநீறுகூட இல்லை. நிமிர்ந்து வராந்தாவைப் பார்த்தேன். என் பார்வை போன திசையில் அவர்களும் திரும்பி, தூரத்தில் நின்ற வாக்கரைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, இப்போ நான் எப்படித் திரும்பிப் போவேன்?"

"வந்த மாதிரியே போங்க அத்தை" என்றேன். "நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."