வெயிலில் காட்டிய கைகள்

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு, நல்ல வெயில் காலத்தில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அண்ணன் வீட்டில் நடந்தது இது. என் தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள்.

எனக்கு இரண்டு புறங்கைகளிலும் வெள்ளைத் திட்டுகள் உண்டு. வலி கிடையாது, அரிப்பு கிடையாது. ஆனால் அவை வந்த பிறகு என்னைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் கடிந்து பேசியதில்லை. எதையும் என் கையில் கொடுக்காமல் கீழே வைத்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

தங்கை மட்டும், "நீயும் எனக்கு வளையல் போடணும்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி என்னைத் தனியாக அழைத்து, "வர்றவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க. நீ அடுப்படியைப் பார்த்துக்க" என்றார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதற்குள் கை சரியாகிவிட்டால் என்ன என்று தோன்றியது.

மலைக்கோட்டைக் கடைவீதியில் ஒருவர் தோல் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். திட்டுள்ள கை ஒன்று, திட்டில்லாத கை ஒன்று என்று படம் வரைந்து தொங்கவிட்டிருந்தார். கூட்டம் கலையும்வரை தூரத்தில் நின்றேன். பிறகு போய், முந்தானைக்குள்ளிருந்து கையைக் கொஞ்சமாக எடுத்துக் காட்டினேன். "தடவிட்டு வெயில்ல காட்டுங்க. எரிஞ்சா பயப்படாதீங்க, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். ஒரு புட்டி வாங்கி வந்தேன்.

தினமும் மதியம் எல்லோரும் படுத்த பிறகு தைலத்தைத் தடவிக்கொண்டு மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து கைகளை வெயிலில் நீட்டிக்கொண்டிருப்பேன். எரிந்தது. எரிய எரியச் சந்தோஷப்பட்டேன். கொப்புளம் வந்தபோதுகூட, பழைய தோல் உரிந்து புதுத் தோல் வரப்போகிறது என்றே நம்பினேன்.

வளைகாப்பு அன்று காலை வழக்கமாக வரும் வளையல்கார பாய் வந்தார். தங்கைக்கு அடுக்கி முடித்ததும் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். நான் கதவோரம் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்கம்மா" என்றார். தங்கையும் கூப்பிட்டாள். வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தேன்.

என் கையைப் பிடித்ததும் அவர் விரல்கள் நின்றன. ஆனால் கையை விடவில்லை.

"இது வெந்த புண்ணும்மா. என்னத்தைத் தடவினீங்க?"

"தைலம்" என்றேன்.

"கண்ணாடி வளையல். இதுல ஏத்தினா பாவம். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. கை ஆறினதும் நானே வந்து போட்டு விடறேன்" என்றார்.

விருந்தாளிகள் வரும் நேரம். அண்ணியால் வீட்டை விட்டு நகர முடியாது. ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு, தைலப் புட்டியையும் எடுத்துக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் புட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. "உள்ளுக்குச் சாப்பிடறதுன்னா யார் செஞ்சதுன்னு கேட்டிருப்பீங்க. மேல தடவறதுதானேன்னு விட்டுட்டீங்க, இல்லையா?" என்றார். இப்படி விற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று மெதுவாகக் கேட்டேன். "இருக்கு. பேரே இல்லாத புட்டிக்கு யாரைப் போய்ப் பிடிக்கிறது?" என்றார். கட்டுப் போட்டுக்கொண்டே, வெள்ளைத் திட்டு யாருக்கும் தொற்றாது என்றும் சொன்னார். அதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

திரும்பும் வழியில் தைலம் விற்ற இடத்தைப் பார்த்தேன். அங்கே வேறு யாரோ சீப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். தைலக்காரர் எந்த ஊர் என்று பக்கத்துக் கடைகளில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபோது வளைகாப்பு முடிந்திருந்தது.

கை ஆறிவிட்டது. திட்டுகள் அப்படியே இருக்கின்றன, பக்கத்தில் கறுப்பாகத் தழும்புகள் வேறு. இப்போதெல்லாம் யாராவது முகத்துக்கு, தோலுக்கு என்று ஏதாவது வாங்கி வந்தால், செய்தது யார் என்று முதலில் கேட்கிறேன். கூச்சத்தை விட்டு நான் வாய் திறக்கும் ஒரே விஷயம் அது.

பாய் சொன்னபடியே பிறகு ஒரு நாள் வந்தார். "கையைத் தளர விடுங்கம்மா" என்று என் கையைப் பிடித்து அமுக்கி வளையல்களை ஏற்றினார். ஏற்றும்போது அண்ணியிடம் மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். என் கையை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எல்லோர் கையையும் போல என் கையையும் ஒருவர் பிடித்திருந்த அந்தச் சில நிமிஷங்களை, தனியாக இருக்கும் மதியங்களில் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.