காரைத் தள்ளிவிட்ட அம்மாள்

போர் முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்து, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். கூரையை மடக்கிவிட்டுக் கடற்கரைச் சாலையில் ஓட்டினால் பறப்பது போலிருக்கும். ஆனால் லேசாகத் தூறினாலே நின்றுவிடும்.

நொச்சிக்குப்பம் அருகே அது நிற்கும்போதெல்லாம், சாலையோரம் மீன் விற்கும் ஓர் அம்மாள்தான் வந்து தள்ளிவிடுவார். நல்ல உயரம், முழங்கை வரை மீன் செதில் ஒட்டியிருக்கும். எஞ்சின் உறுமியதும் மாட்டைத் தட்டுவதுபோல் காரை ஒரு தட்டு தட்டி அனுப்புவார்.

என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்றும் கார் அங்கேதான் நின்றது. நான் பதறிப்போய் பானெட்டைத் திறந்தேன்.

“அத்த மூடு நைனா. வண்டி நிக்கும், கொயந்த நிக்குமா?” என்றார் அந்த அம்மாள். மற்ற மீன்காரிகளையும் கூப்பிட்டுத் தள்ளினார். கார் கிளம்பி, ஆஸ்பத்திரி வாசல்வரை நிற்காமல் ஓடியது. பெண் குழந்தை பிறந்தது.

சில வாரம் கழித்துக் குழந்தையை அவரிடம் காட்டப் போனோம். தொடாமல் தள்ளி நின்றே பார்த்தார்.

“கையெல்லாம் மீனு கவுச்சிம்மா.”

“இருக்கட்டும், எடுத்துக்கோங்கோ” என்று என் மனைவி குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். வெகுநேரம் வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் போடட்டுமா என்று கேட்டேன்.

“இன்னிக்கு வேண்டாம்” என்றாள்.