முந்நூறு அடியில் நின்ற விமானம்

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஏறத்தாழ நாலாயிரம் மணி நேரம் விமானம் ஓட்டியிருக்கிறேன். ஒரு முறைகூட விமானத்தில் ஏறியதில்லை. இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே அவர் நண்பரா பங்காளியா என்று கண்டுபிடித்துவிடலாம். நண்பர் சிரிப்பார். பங்காளி ஊரைக் கூட்டுவார். எனக்கு நண்பர்கள் குறைவு.

நான் ஓட்டுவது கணினியில். அதை விளையாட்டு என்று சொன்னால் எங்கள் இனத்தாருக்குக் கோபம் வரும். விளையாட்டில் புள்ளிகள் உண்டு, வெற்றி உண்டு. எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. நிஜ விமானி பார்க்கும் அதே வரைபடம், அந்த நிமிடத்தில் அந்த ஊரில் அடிக்கும் அதே காற்று. கொழும்பில் மழை பெய்தால் என் திரையிலும் மழை. திருமயத்தில் இருக்கும் என் மின்சாமான் கடைக்கு வந்து பல்பு கேட்கிறவர், அதற்கு முந்தைய மாலைதான் நூற்றி எண்பது பேரைச் சிங்கப்பூரிலிருந்து பத்திரமாக இறக்கியவனிடம் கேட்கிறோம் என்று அறிய மாட்டார். நானும் சொல்வதில்லை. ஒருமுறை சொன்னேன். அவர் பல்பு வாங்காமல் போய்விட்டார்.

திரை மட்டும் போதும் என்று இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் இந்தப் பித்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் விசைப்பலகை, பிறகு கைப்பிடி, பிறகு மிதிபலகை, ஒருநாள் கண்விழித்தால் அறைக்குள் விமானி அறை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த பேருந்து ஓட்டுநர் இருக்கையைக் கொண்டுவந்து பொருத்தினேன். கதவு நிலை செய்யும் ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் கூடு அடித்துத் தந்தார். அடித்து முடித்ததும், "பூசை அலமாரிக்கு எதுக்குங்க இம்புட்டு ஓட்டை?" என்று கேட்டார். தலைக்கு மேலே நாற்பது சுவிட்சுகள், எல்லாம் கடைச் சரக்கு. சக்கரத்தை இறக்கும் நெம்புகோல் எங்கள் வீட்டு குக்கரின் கைப்பிடி. அந்த குக்கர் அதற்குப் பிறகு மூன்று மாதம் விசில் அடிக்கவில்லை. என் மனைவி அடித்தாள்.

இவ்வளவும் இருந்தது அரிமளத்தில் எங்கள் பங்கு வீட்டில். நடுவில் திறந்த வளவு, அது எல்லோருக்கும் பொது. சுற்றிலும் பங்காளி ஒவ்வொருவருக்கும் இரண்டு அறைகள்: வெளிவீடு ஒன்று, அதற்குள்ளே உள்வீடு ஒன்று. மொத்தம் ஏழு பங்கு. ஆறு பங்கில் வருடத்தில் பத்து மாதம் பூட்டு தொங்கும். ஊரில் குடியிருப்பவன் நான் ஒருவன். ஊரில் இருக்கிறவனுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டைப் பற்றிய அபிப்பிராயம். விசேஷம் வைக்கும் பங்காளி கேட்டால் மற்றவர்கள் அறையைத் திறந்து கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எழுதி வைக்காத சட்டம், ஆகவே மீற முடியாது.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், சென்னையில் வியாபாரம் செய்கிறார். போன ஆவணியில் வந்தார். ஐப்பசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். வந்தவர் வளவைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், கடைசியில் என் வெளிவீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இது என்ன தம்பி?"

"காக்பிட்டுண்ணே."

"பஸ் சீட்டு மாதிரி இருக்கு?"

"பஸ் சீட்டுதான்."

"இது குக்கர் கைப்பிடில்ல?"

"சக்கரம் எறக்குறது."

அவர் மேலே பார்த்தார். கணினிகளின் சூடு தாங்காமல் நான் போட்டிருந்த ஏசி. அந்த வீடு முழுவதற்கும் அது ஒன்றுதான். "ஏசி நல்லா ஓடுதா?" என்று பிரியமாகக் கேட்டார். அண்ணன் பிரியமாகக் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் எத்தனை டன் என்பது வரை விளக்கினேன்.

"நல்லதாப் போச்சு. பொண்ணுக்கு அலங்காரம் பண்ண மெட்ராஸ்லேர்ந்து ஆள் வருது. ஏசி இல்லாட்டி பூசுனதெல்லாம் ஒழுகிப் போகுமாம். இதக் காலி பண்ணிக் குடு."

முடியாது என்றேன். கூட்டைப் பிரித்தால் ஒவ்வொரு ஒயரையும் மறுபடி பூட்ட ஆறு மாதம் ஆகும் என்றேன். கல்யாணம் ஒரு நாள், இது ஆறு வருட உழைப்பு என்றேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். "ஒழைப்பு!" என்று வளவைப் பார்த்துக் கத்தினார். "ஏரோப்ளேனே ஏறாதவன் ஏரோப்ளேன் ஓட்டுறானாம். நான் மாசம் ரெண்டு தடவ பறக்குறேன். ஒனக்கு சீட்டு பெல்ட் போடத் தெரியுமாடா?"

என் மனைவி உள்வீட்டிலிருந்து வந்தாள். என் பக்கம் நிற்கப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். "அவுக கேக்குறதுல என்னங்க தப்பு? கல்யாண வீட்டுல பொம்மைய வச்சுக்கிட்டு" என்றாள். குக்கரை அவள் மறக்கவில்லை.

ஏன் ஏறவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. எனக்கு எங்கேயும் போக வேண்டிய வேலை வந்ததில்லை. பின்னால் உட்கார்ந்து இறக்கையைப் பார்த்துக்கொண்டு போவதில் விருப்பமும் இல்லை. இப்படி ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். கிடைக்காத பழத்தைப் பற்றி நரி சொன்னதும் இதே தரத்தில் இருக்கும்.

விஷயம் சித்தப்பாவிடம் போனது. சித்தப்பா ஒரு காலத்தில் அறந்தாங்கி வழியில் பஸ் விட்டவர். ஒரே பஸ், ஆனால் அதை வைத்து உலகத்தையே அளப்பார். கல்யாணப் பேச்சுக்காக வந்திருந்த பங்காளிகள் நாலு பேரும் வளவில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"வழக்கத்த மீற முடியாது. ஆனா அவன் வண்டி நெசமாவே ஓடுதுன்னா, ஓடுற வண்டியப் பிரிக்கச் சொல்றதும் பாவம். ஞாயித்துக்கெழம ஓட்டிக் காட்டட்டும். மெட்ராஸ்ல கெளம்பி திருச்சியில எறங்கணும். முழு டிரிப்பு. எறக்கிட்டா ரூம்பு அவனுக்கு. எறக்கலைன்னா கல்யாணத்துக்கு ரூம்பு ஒனக்கு."

அண்ணன் ஒத்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். சென்னை-திருச்சி எனக்குக் கடைக்குப் போய் வருவது மாதிரி. கண்ணைக் கட்டினாலும் இறக்குவேன். வாய்தான் கட்டப்பட்டிருக்கவில்லை.

ஞாயிறு மாலை நாலரைக்குக் கூடினார்கள். நான் முறைப்படி தொடங்கினேன். உறங்கும் விமானத்தை எழுப்பவே ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு சுவிட்சாகச் சொல்லிக்கொண்டே போட வேண்டும். இருபத்தைந்து நிமிடம் ஆகியும் விமானம் அசையவில்லை. பங்காளிகளில் ஒருவர் பஜ்ஜிக்குப் போய்த் திரும்பி வந்து, "இன்னும் ஸ்டார்ட் ஆகலையா? தள்ளணுமா?" என்றார். வளவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நிஜ விமானிகள் சிரிப்பதில்லை.

கிளம்பியதும் பங்காளிகள் திரைக்கு அருகே வந்தார்கள். மேகத்துக்கு மேலே போனபோது சித்தப்பாகூட "பரவாயில்லடா" என்றார். அண்ணனால் பொறுக்க முடியவில்லை. என் தோளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காப்பி குடுக்க மாட்டாகளா இந்த ப்ளேன்ல?"

உயரத்தைச் சரிபார்த்தேன்.

"கக்கூஸ் எந்தப் பக்கம்?"

வேகத்தைச் சரிபார்த்தேன். விழுப்புரம் தாண்டியிருந்தது. பத்தாயிரம் அடிக்கு இறங்கும்போது, "சக்கரம் எப்ப எறங்கும்? மூணாவது விசிலுக்கா?" என்றார். அதற்கு மட்டும் ஒரு பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. எங்கள் இனத்தாருக்கு விசைப்பலகையில் ஒரு விசை உண்டு. 'பி' என்ற எழுத்து. அழுத்தினால் உலகம் அப்படியே நிற்கும். கதவைத் தட்டுகிற கூரியருக்காக, பாத்ரூமுக்காக, மனைவி கூப்பிட்டால் என்னவென்று கேட்பதற்காக ஆறு வருடமாக என் இடது கை தானாகவே அங்கே போகும். போனது. விமானம் ஆகாயத்தில் நின்றது. நான் இருக்கையோடு திரும்பினேன்.

"மாசம் ரெண்டு தடவ பறக்குறீகளே, பறக்கும்போது கண்ணத் தொறந்து வைக்கிறதுண்டா?" என்றேன். அவர் விமானத்தில் ஏறியதும் தூங்கிவிடுவார் என்று அண்ணி சொன்னதுண்டு. நல்ல பதில். எனக்கே பிடித்திருந்தது. மறுபடி 'பி'யை அழுத்தி ஓட்டினேன்.

இரண்டாவது முறை அவர் என் பேருந்து இருக்கையில் எத்தனை பேர் வாந்தி எடுத்திருப்பார்கள் என்று கேட்டபோது. நிறுத்தினேன், ஓட்டுநர் இருக்கையில் யாரும் வாந்தி எடுப்பதில்லை என்று விளக்கினேன், ஓட்டினேன்.

திருச்சிக்கு மேற்கு நோக்கி இறங்க வேண்டும். எதிரே விழும் சூரியன். ஓடுதளத்தின் ஓரத்தில் நாலு விளக்கு, இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை, சரியான உயரத்தில் வந்தால் அப்படித்தான் தெரியும். அப்படியே தெரிந்தது. குக்கர் கைப்பிடியை இறக்கினேன், சக்கரம் இறங்கியது. கருவி குரல் கொடுத்தது: ஐந்நூறு. அறை எனக்குத்தான் என்று அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அவர், என் காதுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும், சொன்னார்:

"இவங்கப்பா சைக்கிள்லேர்ந்தே விழுந்தவரு. மகன் ஏரோப்ளேன் எறக்குறான்."

முந்நூறு அடி. நிறுத்தினேன்.

என் அப்பா சைக்கிளிலிருந்து விழுந்தது உண்மை. குளத்தங்கரையில் விழுந்தார், கை ஒடிந்தது. ஆனால் அந்த சைக்கிளுக்கு பிரேக் கட்டை இல்லை. அதைக் கழற்றித் தன் சைக்கிளுக்குப் போட்டுக்கொண்டவர் அண்ணனின் அப்பா. இது நாற்பது வருட விவகாரம். இதை முந்நூறு அடியில் வைத்துத்தான் பேச வேண்டுமா என்றால், அப்போது வேறு உயரம் கைவசம் இல்லை. எழுந்தேன். அவரும் எழுந்தார். பிரேக் கட்டையில் தொடங்கி, கிணற்றுப் பங்கு, எந்தக் கல்யாணத்தில் யார் யாரை 'வாங்க' என்று வரவேற்கவில்லை என்பது வரை போனோம். இரண்டு பங்காளிகள் அவர் பக்கம், ஒருவர் என் பக்கம், ஒருவர் பஜ்ஜி பக்கம். பதினோரு நிமிடம். திரையில் நூற்றி எண்பது பேர் சூரியனைப் பார்த்தபடி அந்தரத்தில் நின்றார்கள்.

என் மனைவிதான் சொன்னாள். "ஏங்க, ப்ளேன் நிக்குது."

உட்கார்ந்தேன். 'பி'யை அழுத்தினேன். என் வாழ்க்கையிலேயே அதுபோல ஒரு இறக்கம் இறக்கியதில்லை. சக்கரம் தரையைத் தொட்டது தெரியவே இல்லை. நடுக்கோட்டிலிருந்து ஒரு அடி விலகவில்லை. திரும்பி சித்தப்பாவைப் பார்த்தேன்.

சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அருமையா எறக்குனப்பா. ஆனா நடுவுல மூணு எடத்துல நின்னுச்சே?"

"அது... நிறுத்துனேன் சித்தப்பா."

"ஸ்டாப்பிங் இருந்துச்சா அங்க?"

"இல்ல."

"நடுவழியில வண்டிய நிறுத்திட்டு எறங்கிச் சண்ட போட்ட டிரைவர நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?" சுற்றிலும் பார்த்தார். "டிரிப் கட். இந்த டிரிப்பு கணக்குல சேராது."

அண்ணன் என் தோளில் கை வைத்து, "ஆகாசத்துல ஹேண்ட் பிரேக் போட்ட மொத ஆளு நீதான்டா" என்றார். நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல எனக்கு எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.

பிரித்தேன். ஒவ்வொரு ஒயரிலும் துண்டுச்சீட்டு ஒட்டிப் பன்னிரண்டு நாள் பிரித்தேன். கூடு, பழைய சாமான்கள் கிடக்கும் பின்கட்டில் பாலித்தீன் போர்த்திக் கிடந்தது. ஐப்பசியில் கல்யாணம் வந்தது. என் அறைக்குக் கண்ணாடியும் நாற்காலியும் வந்தன. அன்று காலை ஆறரைக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வளவுக்கும் அடுப்படிக்கும் மட்டும். ஏசி நின்றது, பூசியதெல்லாம் ஒழுகியது. மின்சாமான் கடைக்காரன் என்பதால் பங்காளிகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் செய்யவில்லை. இதை இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன். மகிழ்ந்தேன் என்று எழுதினால் கெட்டவன் ஆகிவிடுவேன். மகிழ்ந்தேன்.

கல்யாணம் முடிந்தும் அறை வரவில்லை. அண்ணன் மிச்சச் சாமான்களை எல்லாம் பெட்டி பெட்டியாக அதில் அடுக்கி, தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார். தையில் எடுப்பதாகச் சொன்னார். தை போய், மாசி போய், பங்குனி நடக்கிறது. ஏசியின் ரிமோட்டும் அவரோடு சென்னைக்குப் போய்விட்டது.

இப்போது உள்வீட்டில், கட்டிலுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டுகிறேன். தினமும் சென்னையிலிருந்து திருச்சி. 'பி' விசையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டேன். கிளம்பினால் இறங்கும் வரை நிற்பதில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் போவதில்லை. சித்தப்பா பார்த்தால் ஒரு டிரிப்பைக்கூட வெட்ட முடியாது.

இது அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என் மனைவியைத் தவிர யாரும் சொல்லியிருக்க முடியாது. மாலை ஐந்தே முக்காலுக்கு, நான் இறங்கும் நேரம் பார்த்து, போன் செய்கிறார். பத்து நாள் எடுக்கவில்லை. அடிக்கட்டும் என்று விட்டு, பத்து முறையும் பத்திரமாக இறக்கினேன்.

பதினோராம் நாள் ஐந்நூறு அடியில் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்ன தம்பி, எறங்கிட்டியா?"

"எறங்கிக்கிட்டிருக்கேன்."

"சாமான எடுக்க சித்திரையில வாரேன். ஒன் ப்ளேன அதுவரைக்கும் பின்கட்டுலயே போட்டு வை. ஒங்கப்பா சைக்கிளும் அங்கதான கெடக்கு?"

முந்நூறு. இடது கை 'பி' இருந்த பள்ளத்தைத் தேடியது. பள்ளம் மட்டும் இருந்தது. விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கையும் வேண்டும் அதை நிமிர்த்த. நான் ஒரு கையால் போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டேன். பிரேக் கட்டையிலிருந்து தொடங்கினேன்.

ஓடுதளத்துக்குக் கிழக்கே ஒரு வயலில் விழுந்தது. நூற்றி எண்பது பேர். சொல்ல வேண்டியதை முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.